ஆள்காட்டி ஏன் எல்லோரையும் பார்த்துக் கத்துகிறது

பறவையும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், நகரத்துக்கு மேற்கே நீர்முள்ளிப்பாக்கம் என்று ஓர் ஊர் இருந்தது. ஊரைவிட அதன் ஏரி பெரியது. ஏரிக்குக் காவல் ஆள்காட்டிப் பறவை. நீண்ட மஞ்சள் கால்களில் நின்றபடி நாற்புறமும் பார்த்துக்கொண்டிருப்பாள். குரல் மட்டும் பஞ்சு போல இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும்.

அதுவே போதுமானதாக இருந்தது. வெளியாள் யாராவது ஏரிக்குள் இறங்கினால் அவள் மடையான் கொக்கிடம் சொல்வாள். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறத்தில் கண்ணுக்கே படாத மடையான்கள், சிறகு விரித்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். அத்தனையும் ஒன்றாக எழும்பிப் பறப்பதைக் கண்டதும், வயலில் இருப்பவர்கள் மண்வெட்டியோடு கரைக்கு ஓடி வருவார்கள். ஏரியை அளக்க வந்தவர்கள் இரண்டு முறை அப்படித்தான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

மூன்றாவதாக வந்தவர் மாசிலாமணி. கோடையில், தண்ணீர் வற்றி நடுவே ஒதுங்கியிருந்தபோது தனியாக வந்தார். ஆள்காட்டி கோரைக்குள் நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். கயிற்றைப் பிடித்தபடி வந்தவர் அவளைக் கண்டதும் தூக்கிய காலை அப்படியே பின்னுக்கு வைத்தார்.

"அடடா, மிதிக்க இருந்தேனே! நீ உட்காரும்மா, எழுந்திருக்காதே" என்றார். அங்கே அடிக்க வேண்டிய முளைக்குச்சியை நாலு முழம் தள்ளி அடித்தார்.

"என்ன வேலையா வந்தீங்க ஐயா?" என்று கேட்டாள் ஆள்காட்டி.

"ரோடு போடணும்மா. நகரத்துல ஜனங்களுக்குக் கால் நீட்டிப் படுக்க இடமில்ல. என் தங்கச்சி வீட்டுல ஒரே அறைக்குள்ள எட்டுப் பேரு. இங்க தெரு வந்தா அவங்களும் வந்து குடியேறுவாங்க."

"அப்போ ஏரி?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாது. ரோடு ஓரமாத்தான் போகும். நீ இருக்கிற இடத்தைப் பூங்காவா விடச் சொல்றேன். உன்னை யாரும் தொட மாட்டாங்க. என்னை நம்பு."

பொய் சொல்கிறவர் முகமாக அது இல்லை. காலை மாற்றி வைத்தவர், முளையைத் தள்ளி அடித்தவர். அவரை எப்படி நம்பாமல் இருப்பது?

அவர் நகர்ந்ததும் மடையான் வந்தான். "அக்கா, ஆள் அரவம் கேட்டுச்சே. யாரு?"

சொன்னால் மண்வெட்டிகள் வரும். அவரை அடிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் யார் கால் முட்டைமேல் படுமோ?

"யாருமில்ல தம்பி. காத்துல கோரை ஆடுது" என்றாள்.

அதுவரை ஒரு பொய்யும் சொல்லாதவள். மடையான் அதை அப்படியே நம்பித் திரும்பிப் போனான்.

ஒரு வாரம் கழித்து மண் வண்டிகள் வந்தன. அதற்குள் முளை எல்லாம் அடித்து முடிந்திருந்தது. ஊரார் ஓடி வந்து குறுக்கே நின்றார்கள். "அளக்கும்போது யாரும் தடுக்கலையே, இப்போ என்ன?" என்று சொல்லி வண்டியோடு வந்தவர்கள் அவர்களை ஒதுக்கிவிட்டார்கள். ஓரமாகப் போக வேண்டிய ரோடு ஏரியின் நடுவே போனது. அதிலிருந்து ஒரு தெரு பிரிந்தது, தெருவிலிருந்து இன்னொன்று. தண்ணீர் வரும் வாய்க்காலை மண் மூடியது. சேற்றுக்குள் வெயிலுக்காக ஒதுங்கியிருந்த ஆமைகளும் தவளைகளும் அப்படியே அடியில் போயின.

மாசிலாமணி தன் வாக்கைக் காப்பாற்றினார். அவள் இருந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். புல் நட்டார்கள், சிமெண்டுப் பெஞ்சு போட்டார்கள். நான்கு முட்டைகளும் பொரிந்தன. குஞ்சுகள் எழுந்து நடந்ததும் சேற்றைத் தேடின. பூங்காவில் சேறு இல்லை. மூன்றாவது நாள் இரண்டு குஞ்சுகள் புல்லிலேயே தலை சாய்ந்துவிட்டன.

ஆள்காட்டி ரோட்டோரம் நின்றிருந்த மாசிலாமணியிடம் போனாள். "தண்ணி எங்கே ஐயா?"

அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை. "ஓரமாத்தான் கோடு போட்டுக் கொடுத்தேம்மா. மேல இருக்கிறவங்க மாத்திட்டாங்க. நான் அளக்கிறவன்தானே." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ அன்னிக்கே ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். அடி வாங்கியிருப்பேன், போயிருப்பேன்."

மிச்சமிருந்த இரண்டு குஞ்சுகளையும் நடத்திக்கொண்டு அவள் மடையானைத் தேடிப் போனாள். அவன் ஒரு சாக்கடை ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றிருந்தான்.

"தம்பி, அன்னிக்கு அது காத்து இல்ல."

"தெரியும்க்கா" என்றான் அவன். "வண்டி வந்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணு சொல்லு. எப்பவும் எல்லாருக்காகவும் பார்ப்பியே, அன்னிக்கு மட்டும் ஏன் உன் முட்டையை மட்டும் பார்த்தே?"

அப்படிக் கேட்டபோதும் மடையான் கோபப்படவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. வீடு கட்டாமல் கிடந்த ஒரு வெற்று மனையில் போய் நின்று, இருந்த மூச்சை எல்லாம் கூட்டிக் கத்தினாள். பஞ்சு போன்ற குரல் கிழிந்தது. கிழிந்தது கிழிந்ததுதான், பிறகு சேரவே இல்லை. முட்டையை மறைத்து வைக்கவும் அதன்பின் அவளுக்கு மனம் வரவில்லை.

அன்று முதல்தான், ஆள்காட்டி வெட்ட வெளியில் முட்டையிடுகிறது. காலையில் பூங்காவில் நடக்க வருகிறவரானாலும், காலி மனையில் பந்து பொறுக்க வருகிற பிள்ளையானாலும், நல்லவரா கெட்டவரா என்று முகம் பார்க்காமல், காலடி கேட்ட உடனே கத்துகிறது.