பருந்தைத் திரும்பிப் பார்த்த கருமணி

கற்களுக்கும் பறவைகளுக்கும் வாய் இருந்த காலம் அது. அதிலும் கற்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அப்போது நொய்யல் ஆற்றங்கரையில் வேம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் செங்கோடன் கல்லைத் தேய்த்து மணியாக்குவான். அவள் கயிற்றில் கோப்பாள். எந்தக் கல் கிடைத்தாலும் செங்கோடன் முதலில் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பான். வெளிச்சம் புகுந்து வெளியே வந்தால் மணி, வராவிட்டால் குப்பை. ஒரு கறுப்புக் கல்லை இப்படிப் பலமுறை தூக்கிப் பார்த்துப் பலமுறை எறிந்திருந்தான். தானும் மணியாக வேண்டும் என்ற ஆசையோடு வாசலோரக் குவியலில் அது கிடக்கும். சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும், "அடுப்புக் கரிக்கு வந்த ஆசையைப் பாரு!" என்று சிரிக்கும்.

ரொம்ப நாள் ஏங்கித் தவித்த பிறகு வேம்பாயிக்கு ஒரு பெண் பிறந்தாள். பெயர் சூட்டும் நாளில் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு மணி கொடுத்தார்கள், இருப்பதிலேயே பளபளப்பானதாகப் பார்த்து. அதையெல்லாம் கோத்துக் குழந்தையின் கையில் கட்டினாள். கட்டிய கயிறு தானாக இற்று விழும்வரை அவிழ்க்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

வேம்பாயிக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரே பார்க்கட்டும் என்று குழந்தையை வாசலில் பாய் விரித்துக் கிடத்தினாள். ஊரும் பார்த்தது, மேலே வட்டமிட்ட பருந்தும் பார்த்தது. அந்தக் காலத்துப் பருந்து ஆட்டுக்குட்டியையே அலாக்காகத் தூக்கிப் போய்விடும். அது சர்ரென்று இறங்க, வேம்பாயி விளக்குமாற்றோடு பாய்ந்தாள். மயிரிழையில் குழந்தை தப்பியது.

பருந்து பனை உச்சியில் உட்கார்ந்து சொன்னது: "மண்ணுல மினுங்கறதெல்லாம் என் பங்கு. நாளைக்கு வருவேன். கூரையைப் பிரிச்சாவது எடுத்துக்குவேன்."

செங்கோடன் குழந்தையின் கையில் துணியைச் சுற்றினான். மணிகளுக்குப் பொறுக்குமா? "ஐயோ, மூச்சு முட்டுது! பருந்து மாமா, நாங்க இங்கதான் இருக்கோம்!" என்று கத்தின.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்று வேம்பாயி கெஞ்சினாள்.

"நாலு பேர் பாக்காம நாங்க எதுக்கு அம்மணி?" என்றன அவை.

அறுத்துவிடலாம் என்று கத்தியை எடுத்தாள். அந்தக் கயிற்றை அறுத்தால் பிள்ளையின் ஆயுசையே அறுத்த மாதிரி என்று கேட்டு வளர்ந்தவள் அவள். கத்தியைப் போட்டுவிட்டுக் குவியல் பக்கமாக உட்கார்ந்து அழுதாள்.

"அழாதீங்க அம்மணி. என்னையும் அந்தக் கயித்துல சேருங்க" என்றது கறுப்புக் கல்.

"நீதான் மினுங்கவே மாட்டியே. உன்னை வெச்சு நான் என்ன பண்ண?"

"மினுங்க மாட்டேன். ஆனா நல்லாத் தேய்ச்சா, என்னைப் பாக்கறவங்க மூஞ்சியை அவங்களுக்கே காட்டுவேன்."

செங்கோடன் தயங்கினான். "வெளிச்சம் புகாத கல்லைக் கோத்தா ஊர் சிரிக்குமே, புள்ளே."

"சிரிச்சுட்டுப் போகட்டுமுங்க. ஊரா வந்து என்ற புள்ளையக் காப்பாத்தப் போகுது? தேயுங்க மாமா!"

தேய்த்தான். உள்ளங்கை கன்றிப்போகும்வரை தேய்த்தான். துளையிட்டுக் கொடுத்ததை, சுற்றிய துணியை எடுத்துவிட்டு வேம்பாயி கயிற்றின் நுனியில் சேர்த்து முடிந்தாள்.

மறுநாள் சொன்னபடி பருந்து வந்து கூரையைப் பிய்த்தது. வெயில் உள்ளே கொட்டியது. வேம்பாயி குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டாள். பிள்ளையோ கையை வெளியே நீட்டி ஆட்டியது. பருந்து நகத்தை விரித்து அந்தக் கையை நோக்கிப் பாய்ந்தது. கறுப்பு மணிக்குள்ளிருந்து கன்னங்கரேலென்று ஒரு பருந்து, நகத்தை விரித்தபடி அதன்மேல் பாய்ந்து வந்தது!

"யாரு நீ?" என்று அலறியது பருந்து.

"யார் பாக்கறாங்களோ அவங்கதான்" என்றது மணி.

பருந்து போட்டது போட்டபடி ஓடிவிட்டது. வேம்பாயி பிள்ளையை அள்ளிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். மற்ற மணிகள் வெட்கத்தில் வாயடைத்துப் போயின, இன்றுவரை திறக்கவில்லை.

அன்று தொட்டுத்தான், பிள்ளை பிறந்த வீட்டில் பொன்னைத் தேடுவதற்கு முன்னால் கருமணியைத் தேடுகிறார்கள். எத்தனை நிறம் கோத்தாலும், கறுப்பு ஒன்று சேர்ந்த பிறகுதான் பெற்றவளுக்கு மூச்சு சீராக வருகிறது.