நாலு சிலிண்டரும் தொண்ணூறு

உறையூரில் ஒரு மாஸ்டர் இருந்தார். காவியும் தாடியும் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும்; அவரிடம் இருந்தது முழங்கை வரை கிரீஸ். பெயர் சவரிமுத்து, வயது முப்பத்தைந்து. பழைய காரின் இன்ஜின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பிரித்து வேலை பார்த்தால் எவ்வளவு ஆகும் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அதற்கு மறுபேச்சுக் கிடையாது.

அவரிடம் ஒரு சிஷ்யை. பெயர் கௌசல்யா, வயது நாற்பத்தேழு, பிள்ளைகள் இரண்டும் ஹாஸ்டலில். மத்தியான சீரியலில் அடுத்தவள் குடும்பத்துக்காக அழுவதைவிட இது மேல் என்று வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவள் அவரை மாஸ்டர் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவள் கேட்டாள்.

"மாஸ்டர், ஒரு இன்ஜின் முடிஞ்சுபோச்சுன்னு எப்போ எழுதலாம்?"

"எந்த வண்டி?"

"எங்க மாமனார் வண்டி. இப்போ வருது."

"நீங்களே பாருங்க. நீங்களே எழுதுங்க. நான் வந்து கையெழுத்துப் போடறேன்." மாஸ்டர் டீ குடிக்கப் போய்விட்டார்.

மாமனார் வண்டி என்றாளே தவிர, ஆறு மாதமாக அது அவள் ஓரகத்தி நிரஞ்சனாவின் வண்டி. வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வருடம், கிழவரை அந்த வெள்ளைக் காரில் உட்கார வைத்து டயாலிசிஸுக்கு ஓட்டிக்கொண்டு போனவள் கௌசல்யா. நிரஞ்சனா பெங்களூரிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை கேக் வாங்கி வந்தவள். சாவதற்கு முன்னால், வண்டியை யாருக்கு என்று கேட்டபோது கிழவர் சொன்னார், "சின்னவளுக்குக் குடுங்க. கௌசல்யா சமாளிச்சுப்பா."

சமாளித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வண்டி வந்து நின்றது. கண்ணாடியில் குட்டியாக ஒரு செண்டு பாட்டில் ஆடியது. ஆறு வருடம் தன் காலுக்கு அளவாக இருந்த சீட்டை முன்னால் இழுத்து வைத்திருந்தாள் அந்த மகராசி.

"ஓடறப்போ ஒரே உதறல் அக்கா. நீங்க சொன்னா சரிதான்," என்றாள் நிரஞ்சனா. "அம்பதாயிரத்துக்கு மேல செலவுன்னா எடைக்குப் போட்டுடலாம்னு அவர் சொல்லிட்டார். சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வர்றார். ஆனா அப்பா வண்டிக்கா. எனக்கு மனசே இல்ல."

அப்பாவாம். ஆறு வருடம் தூக்கி உட்கார வைத்தவளுக்கு மாமா. கேக் வாங்கி வந்தவளுக்கு அப்பா.

கௌசல்யா பார்க்க வேண்டியதைப் பார்த்தாள். சைலன்சரில் புகை இல்லை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து ஊதவில்லை. ஆயிலும் குறைந்திருக்கவில்லை. எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிளக்குகளைக் கழற்றி, கம்ப்ரெஷன் கேஜை முதல் சிலிண்டரில் திருகினாள். உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று முள் காட்டும். இந்த வண்டிக்கு நூற்று அறுபது வந்தால் ஆரோக்கியம்.

"நான் சொன்னதும் சாவியை மட்டும் திருப்பு."

"கால்ல ஏதாவது மிதிக்கணுமா அக்கா?"

"ஒண்ணும் வேண்டாம். காலை எடுத்துக் கீழ வை. எதையும் தொடாதே."

முதல் சிலிண்டர் தொண்ணூறு. இரண்டாவது தொண்ணூற்று இரண்டு. மூன்றாவது எண்பத்தாறு. நான்காவது மறுபடி தொண்ணூறு. நெஞ்சுக்குள் யாரோ மோர் ஊற்றியதுபோல் இருந்தது அவளுக்கு.

கான்வென்ட் கையெழுத்து, அச்சடித்ததுபோல எழுதினாள். பிஸ்டன் ரிங் தேய்மானம். சிலிண்டர் போர் தேய்மானம். இன்ஜினை முழுசாகப் பிரித்து வேலை பார்க்க வேண்டும். உத்தேசச் செலவு எழுபத்திரண்டாயிரம்.

நிரஞ்சனா தாளைப் படித்தாள். காருக்குள் கையை விட்டுச் செண்டு பாட்டிலைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அப்போது மாஸ்டர் வந்தார். தாளை வாங்கினார். பேனாவை எடுக்கவில்லை.

"புகை வருதாக்கா?"

"இல்ல."

"ஆயில் மூடி ஊதுதா?"

"இல்ல."

"ஆயில் குடிக்குதா?"

"இல்ல மாஸ்டர்."

"அப்போ நாலு பேரும் பேசி வெச்சுக்கிட்டு ஒரே நாள்ல கிழவனாயிட்டாங்களா?"

கௌசல்யா கழற்றி வைத்த பிளக்குகளைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஆக்ஸிலேட்டரை யார் மிதிச்சது?"

"அக்கா தொடாதேன்னாங்க," என்றாள் நிரஞ்சனா, தன்மேல்தான் தப்பு என்பதுபோல.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால்தான் இன்ஜினுக்குள் காற்று முழுசாகப் போகும். காற்றே போகாத இடத்தில் அழுத்தம் எங்கிருந்து வரும்? முதல் வாரப் பாடம் அது. கௌசல்யாவின் நோட்டில் சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு போட்டு இருந்தது.

"திரும்பப் பார்ப்போம்," என்றார் மாஸ்டர். "அவங்களை மிதிக்கச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்களேன் மாஸ்டர்."

"டெஸ்ட் உங்களுது."

கௌசல்யா கேஜைத் திருகினாள். காருக்குள் பார்க்காமல் சொன்னாள்.

"மிதி."

"எவ்வளவு அக்கா?"

"முழுசா. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே."

முள் ஏறியது. நூற்று அறுபது. அடுத்தது நூற்று அறுபத்து நாலு. மூன்றாவது மட்டும் நூற்று முப்பதில் நின்றது. நான்காவது நூற்று அறுபத்திரண்டு.

மூன்றாவதில் பிளக் துவாரம் வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தாள். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து முள் ஏற வேண்டும். ஏறவில்லை. ரிங்கில் குறையில்லை, மேலே வால்வுதான் லேசாகக் கசிகிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். மேல்மூடியான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

புதுத் தாளில் எழுதினாள். பதினோராயிரம். மாஸ்டர் கையெழுத்துப் போட்டார்.

நிரஞ்சனா இறங்கி வந்து கௌசல்யாவின் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவே வந்து சொன்னமாதிரி இருக்குக்கா."

"சரி சரி. புடவையில ஆயிடப்போவுது, கையை விடு."

செண்டு பாட்டில் மறுபடி கண்ணாடிக்குப் போனது. வண்டி தெருமுனை திரும்புகிறவரை கௌசல்யா சைலன்சரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவி, ஒரு துளிப் புகையாவது விட்டிருக்கக் கூடாதா.

உள்ளே வந்து பழைய தாளை நான்காக மடித்தாள். கிழிக்கவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

"மாஸ்டர், நான் பொய் எழுதல. கேஜ் என்ன காட்டுச்சோ அதைத்தான் எழுதினேன்."

மாஸ்டர் கேஜைத் துணியால் துடைத்து, அதன் டப்பாவில் படுக்க வைத்து மூடினார்.

"கேஜ் மேல தப்பே இல்லக்கா. நீங்க உள்ள விட்ட காத்தைத்தான் அது அளந்து சொல்லுச்சு."