நடுப்புல்லில் ஏன் யாரும் உட்காருவதில்லை

மனிதர் கேட்டால் பறவை பதில் சொல்லும், பறவை கேட்டால் மனிதர் பதில் சொல்லுவார்கள், அப்படி ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் செம்பியன்கரை என்ற ஊரைச் சேந்தன் என்று ஒரு சிற்றரசன் ஆண்டு வந்தான். நல்லவன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கென்னவோ, எல்லோரும் ஒரே மாதிரி நல்லவன் என்று சொல்லும் ஆளைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நிற்கத் தோன்றும்.

சேந்தன் தன் மாளிகைக்கு எதிரே கிடந்த பொட்டலைத் திருத்தி ஒரு பூங்கா போட்டான். சுற்றிலும் மதில். உள்ளே பரந்த புல்வெளி. புல்வெளியின் நடுவில் பழைய வாகை மரம் ஒன்று, அதன் அடியில் வட்டமாகக் கல் இருக்கைகள். எந்த வாசலில் நுழைந்தாலும் பாதை அந்த இருக்கைகளில்தான் கொண்டுபோய் விட்டது. “இது உங்கள் இடம். வேலை முடிந்ததும் வாருங்கள், உட்காருங்கள், மனம்விட்டுப் பேசுங்கள்” என்று முரசு அறைந்து சொன்னான்.

ஊர்க்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“சும்மாவா குடுப்பாரு?” என்றாள் நங்கை. அவளுக்குப் புருஷன் இல்லை. வாய்க்காலின் கடைசியில் ஒரு துண்டு வயல் இருந்தது. அது விளைந்தால்தான் பிள்ளைகளுக்குச் சோறு. “செடியப் பாருங்க, ஒன்னக்கூட முழங்காலுக்கு மேல வளர விடல. ஒதுங்கி நிக்க ஒரு புதர் உண்டா?”

“உங்களுக்கு எதக் கண்டாலும் சந்தேகம், மதினி” என்று அவளுடைய கொழுந்தன் சாத்தன் சிரித்தான். “காத்து நல்லா வருது. வந்து உக்காருங்க.”

காற்றுக்கு மயங்காதவர் யார்? சில நாளிலேயே ஊர் முழுக்க அங்கே கூடியது. வட்டமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். எல்லோருடைய முதுகும் வெளிப்பக்கம் இருந்தது. அந்தக் காலத்து மனிதர்களுக்கு முதுகுப் பக்கத்தைப் பற்றிய கவலையே கிடையாது.

வாகை மரத்தில் ஓர் ஆட்காட்டிக் குருவி குடியிருந்தது. அப்போது அது மரத்தில்தான் கூடு கட்டும். குரலும் மெல்லிய குரல். கேட்டதைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் என்று பேர் வாங்கியிருந்ததால் அதன் காது கேட்கப் பேச யாரும் தயங்கவில்லை.

கோடை வந்தது. வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனது. நங்கையின் நெல் பொதி கட்டி நின்ற நேரம். இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் வந்துவிடும், பாயாவிட்டால் அத்தனையும் பதர். அவள் ராப்பகலாக அதையே நினைத்துக் கிடந்தாள். ஒரு சாயங்காலம் பூங்காவில் உட்கார்ந்திருந்தவள் எதேச்சையாகப் புல்லில் கை வைத்தாள். கை நனைந்தது.

“சாத்தா, ஊரே காயுது. இந்தப் புல்லு மட்டும் எதக் குடிச்சுட்டுப் பச்சப்பசேல்னு நிக்குது?”

சாத்தன் கல் இருக்கைக்குப் பக்கத்தில் தரையில் காதை வைத்தான். மண்ணுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. விரலால் கிளறிப் பார்த்தால் சுடுமண் குழாய். சேந்தன் மேல் மதகை அடைத்துவிட்டு, வாய்க்கால் தண்ணீரை இங்கே திருப்பியிருந்தான். தங்கள் தண்ணீரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு காற்று வாங்கியிருக்கிறோமே என்று அவர்களுக்கு வயிறு எரிந்தது.

மதகைத் திறந்துவிடுவது என்று அங்கேயே முடிவானது. யார் திறப்பது? அந்த ஊரில் முறைத் தண்ணீர் வழக்கம். யாருடைய முறையோ அவர்தான் மண்வெட்டியோடு போய்த் திறக்க வேண்டும், மற்றவர் கை வைக்கக் கூடாது. அரசனுக்குத் தெரியாமல் செய்யப்போகும் காரியத்துக்கும் அந்த வெள்ளந்திகள் முறை பார்த்தார்கள்!

“நாளைக்கு விடியக்காலம் என் முறை” என்றாள் நங்கை.

“நான் போறேன், மதினி. நான் போறேன்” என்று சாத்தன் துடித்தான்.

“இன்னைக்கு முற மாறினா நாளைக்கு ஒவ்வொருத்தனும் மாத்துவான். அப்புறம் வெட்டுக்குத்துதான். நானே போயிக்கிறேன்.”

சேந்தன் மேல்மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு கேட்காது. ஆனால் ஒருவன் தரையில் காதை வைத்து மண்ணைக் கிளறியதும், அன்று யாரும் சிரிக்கவில்லை என்பதும், தலைகள் நெருங்கியிருந்தன என்பதும் அவனுக்குத் தெரிந்தது. எல்லோரும் போனபின் மெல்ல வந்து மரத்தடியில் நின்றான்.

“குருவியே, என்ன பேசினார்கள்?”

“கீழே பேசுவது எனக்குரியது இல்லை, அரசே.”

“இந்த மரம் என் பார்வையை மறைக்கிறது. வெட்டலாமா என்று யோசிக்கிறேன். கூட்டில் முட்டை இருக்கிறதோ?”

குருவி சிறகை விரித்துக் கூட்டை மூடிக்கொண்டது. இருந்தாலும், “நான் எதையும் சொல்ல மாட்டேன்” என்றது.

“ஐயோ, ரகசியம் எதுவும் சொல்ல வேண்டாம். நாளைக்கு யாருடைய தண்ணீர் முறை? அதை மட்டும் சொல். ஊருக்கே தெரிந்த விஷயம்தானே?”

குருவி யோசித்தது. ஊருக்கே தெரிந்ததைச் சொல்வதில் என்ன துரோகம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. பயந்தவர்களுக்கு இந்தச் சமாதானம் சீக்கிரம் கிடைத்துவிடும்.

“நங்கையின் முறை” என்றது.

மறுநாள் விடியலில் நங்கை மதகுப் பலகையில் கை வைத்ததும் காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். பயிர் முழுக்கப் பதராகும் வரை அவளைச் சிறையில் வைத்திருந்து பிறகு விட்டான் சேந்தன். பயிரிடாத நிலம் என்று சொல்லி வயலையும் பூங்காவோடு சேர்த்துக்கொண்டான். வாகை மரத்தையும் வெட்டினான். மண்ணுக்கடியில் குழாய் போடுகிறவன் மரத்தை விட்டுவைப்பான் என்று நம்பிய குருவியை என்ன சொல்வது? அது தன் முட்டைகளைத் தரையில் கற்களுக்கு நடுவே வைத்துக் காத்தது.

மரம் விழுந்த அன்று சாயங்காலம் ஊர்க்காரர்கள் பூங்காவுக்கு வந்தார்கள். நடுவே யாரும் போகவில்லை. ஆளுக்கொரு பக்கம் மதிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அடுத்தவர் வாயையே பார்த்தார்கள். நம்மில் யாரோ ஒருவன் சொல்லியிருக்கிறான். யார் அவன்?

“அன்னைக்கு நான் போறேன், நான் போறேன்னு குதிச்சியே, சாத்தா” என்றாள் நங்கை. “நல்லவனாட்டம் காட்டிக்கத்தானே?”

சாத்தனுக்கு முகம் செத்துவிட்டது. “மதினி, எம் பிள்ளைக மேல சத்தியமா…” என்று ஆரம்பித்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குருவியால் பொறுக்க முடியவில்லை. ஆளில்லாத புல்வெளியின் நடுவே வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி தொண்டை கிழியக் கத்தியது.

“நங்கை, சாத்தன் மேல் பழி போடாதே! சொன்னது நான். முட்டைக்குப் பயந்து நான்தான் உன் முறையைச் சொன்னேன்!”

நங்கை குருவியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சேந்தனின் மேல்மாடத்தைப் பார்த்தாள். கடைசியாகச் சாத்தனைப் பார்த்தாள்.

“இப்படிச் சொல்லச் சொல்லி உன்ன அனுப்புனது யாரு?” என்று கேட்டாள்.

உண்மைக்குச் சாட்சியைக் குருவி எங்கே போய்த் தேடும்? மற்றவர்களும் அவள் கேட்டதையே கேட்டார்கள். சாத்தன் எழுந்து வாசலைத் தாண்டிப் போனான். அதன்பின் மனிதர்கள் எந்தப் பறவையிடமும் எதையும் கேட்கவில்லை. பறவைகளும் சொல்வதை விட்டுவிட்டன.

அன்று தொடங்கியதுதான், ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடுவதும், தூரத்தில் மனிதத் தலை தெரிந்ததுமே, அவர்கள் உட்கார்ந்து வாய் திறப்பதற்கு முன்பே, கத்திக் கத்தி எச்சரிப்பதும். எந்த ஊர்ப் பூங்காவுக்கும் போய்ப் பாருங்கள். சுவரோரமும் மரத்தடியும் நிறைந்துவிடும், நடுப்புல் காலியாகக் கிடக்கும். பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் நாமும் கொஞ்சம் நகர்ந்துகொண்டு குரலைத் தாழ்த்துகிறோம், வந்தது கூடப்பிறந்தவனாகவே இருந்தாலும்.