அழித்த பிறகும் இருந்த விதி

மலையடிவாரத்தில் ஒரு மருத்துவமனை இருந்தது. அதற்கு மலைமேல் ஒன்பது சிறு கிளினிக்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு நர்ஸ், ஓர் ஈசிஜி இயந்திரம், சுவரில் ஒரு பெட்டி. எந்தத் தகவலை எந்த வழியில் அனுப்புவது, எதை நிறுத்துவது என்று பார்த்துக்கொள்வது அந்தப் பெட்டியின் வேலை. ஆனால் அது சொந்தமாக யோசிக்காது. கீழே மருத்துவமனையில் கன்ட்ரோலர் என்று ஒரு மென்பொருள் இருந்தது. அது விதிகளை அனுப்பும். பெட்டி அவற்றை மனப்பாடமாக வைத்துக்கொண்டு அப்படியே செய்யும்.

கன்ட்ரோலருக்கு விதி எழுதும் வேலையை மெஹருன்னிசாவிடம் கற்றுக்கொண்டிருந்தார் ஏகாம்பரம். குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருடம் அந்த மலையில் கேபிள் இழுத்தவர்.

வியாழக்கிழமை காலை அவர் கேட்டார்.

"மேடம், கம்பின்னா இழுத்துப் பார்த்தாலே அறுந்திருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். இந்த விதிங்க போய்ச் சேர்ந்ததான்னு எப்படித் தெரியும்?"

"கம்பியைப் பல்லால கடிச்சு உரிக்கிற ஆளு. உங்களுக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்" என்றாள் மெஹருன்னிசா.

"சிரிக்காதீங்க. நிஜமாத்தான் கேட்கிறேன்."

"கடைசியா எந்த விதியை அழிச்சீங்க அண்ணே?"

ஏகாம்பரம் யோசித்தார். திங்கட்கிழமை உச்சிமலை கிளினிக்குக்குப் புது ஈசிஜி இயந்திரம் வந்தது. வெறும் சோதனைக்காக எடுக்கும் ஈசிஜிகள் டாக்டருக்குப் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று அவர் ஒரு விதி எழுதினார். அந்த இயந்திரத்திலிருந்து எது வந்தாலும் கீழே விழட்டும், யாருக்கும் போகவேண்டாம். சோதனை முடிந்ததும் விதியை அழித்துவிட்டார்.

"அழிச்சதும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கன்ட்ரோலர் பட்டியல்ல இல்லை."

"அப்போ மழை பெய்ததா?"

"நல்ல மழை. மலைக்குப் போற இணைப்பு ஒரு அரை மணி நேரம் இல்லை. அப்புறம் தானா வந்துடுச்சு."

மெஹருன்னிசா தன் நாற்காலியை விட்டு எழுந்து அவரை அதில் உட்காரச் சொன்னாள்.

"கன்ட்ரோலரைக் கேட்காதீங்க. அந்தப் பெட்டியையே கேளுங்க."

உச்சிமலைப் பெட்டியைக் கேட்கும் கட்டளை எது என்று அவருக்குத் தெரியும். தட்டினார். பெட்டி தன் மனதில் இருப்பதையெல்லாம் ஒப்பித்தது. நாற்பது விதிகள். இருபத்து மூன்றாவது வரியில் ஏகாம்பரத்தின் விரல் நின்றது.

அவர் எழுதிய விதி அங்கே இருந்தது.

எழுதியவர் மறந்துவிட்டார். எழுதிய ஏட்டில் அது இல்லை. அழிக்கச் சொன்ன உத்தரவு மழையில் வழியிலேயே போயிற்று. பெட்டி மட்டும் அந்த விதியை மூன்று நாளாக அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

விதிக்கு அருகில் ஓர் எண் இருந்தது. 110.

"இது என்ன?"

"மழைக்கு அப்புறம் இணைப்பு வந்ததுல இருந்து அது கீழே போட்டது. ஒரு ஈசிஜி பத்துத் துண்டாப் போகும்."

ஏகாம்பரத்துக்கு வகுக்கத் தெரியும். வகுக்கப் பிடிக்கவில்லை.

மெஹருன்னிசா தொலைபேசியில் உச்சிமலையைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியை அழுத்தினாள். தொலைபேசி நன்றாகவே வேலை செய்தது.

"சிஸ்டர் ரெபெக்கா, ஒரு ஈசிஜி அனுப்புங்க. உங்களுக்கே எடுத்து அனுப்புங்க."

"எனக்கு என்ன மேடம் வந்துச்சு?"

"ஒண்ணும் வரலை. சும்மா அனுப்புங்க."

சில நிமிடம் கழித்து மலைமேல் இயந்திரம் 'பீப்' என்றது. அந்தச் சத்தம் அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

"போயிடுச்சு மேடம். 'அனுப்பப்பட்டது'ன்னு காட்டுது."

பக்கத்தில் டாக்டர் பார்க்கும் திரை வெறுமையாக இருந்தது. ஏகாம்பரம் பார்த்துக்கொண்டிருந்தபோதே 110 என்பது 120 ஆனது. யாரோ சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது போல இருந்தது அவருக்கு.

"சிஸ்டர், இந்த மூணு நாள்ல எத்தனை பேருக்கு எடுத்தீங்க?"

"பதினொண்ணு."

"அவங்க எல்லாம் எங்கே?"

"வீட்டுக்கு அனுப்பிட்டேன் மேடம். டாக்டர்தான் கூப்பிடலையே."

அங்கே அதுதான் வழக்கம். ஈசிஜியில் ஆபத்து தெரிந்தால் டாக்டர் பத்து நிமிடத்துக்குள் தொலைபேசியில் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் பயமில்லை என்று பொருள். கீழேயும் ஒரு பொருள் வைத்திருந்தார்கள். ஈசிஜி வராவிட்டால் மேலே யாருக்கும் நோயில்லை. 'உச்சிமலைக்காரங்க நெஞ்செல்லாம் கல்லு போல' என்று நேற்றுதான் டாக்டர் கேன்டீனில் சிரித்துச் சொன்னார். ஏகாம்பரமும் கூடச் சிரித்திருந்தார்.

அவர் விதியை அழித்தார். பெட்டியிடம் திரும்பக் கேட்டார். முப்பத்தொன்பது. மறுபடியும் கேட்டார். முப்பத்தொன்பது.

"சிஸ்டர், அந்தப் பதினொண்ணையும் இயந்திரத்துல இருந்து திரும்ப அனுப்புங்க" என்றாள் மெஹருன்னிசா.

ஒவ்வொன்றாக வந்தன. டாக்டரும் வந்து நின்றார். ஆறு பேருடையதைப் பார்த்துத் தலையசைத்துத் தள்ளினார். ஏழாவதில் தலை அசையவில்லை.

"இது யாரு? எப்போ எடுத்தது?"

"மாதையன். செவ்வாய்க்கிழமை காலையில, டாக்டர்" என்றது ரெபெக்காவின் குரல்.

"உடனே கூட்டிட்டு வாங்க."

மீதி நாலு பேருக்குப் பயமில்லை. மாதையனின் குடிசை கிளினிக்கிலிருந்து ஒரு மணி நேர நடை. அங்கே செல்போன் எடுக்காது. ரெபெக்கா கிளம்பிவிட்டாள். அதற்கு மேல் அந்த அறையில் செய்வதற்கு எதுவும் இல்லை.

ஏகாம்பரம் சாப்பிடப் போகவில்லை. மெஹருன்னிசாவும் போகச் சொல்லவில்லை.

"அந்த ஆள் செத்துப்போயிருந்தா, மேடம்?"

மெஹருன்னிசா தொலைபேசியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"பெட்டி தப்பு செய்யலையே. நான் சொன்னதைத்தானே செஞ்சுது."



மூன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. மெஹருன்னிசா எடுத்தாள்.

"இருக்கார் மேடம்" என்றாள் ரெபெக்கா. மூச்சு வாங்கியது. "கிளினிக்குக்குத் தூக்கிட்டு வந்துட்டோம். ஜீப்புல ஏத்தறோம். வரமாட்டேன்னு அடம் பிடிச்சார்."

"ஏன்?"

"மூணு நாளா வலி வரும்போதெல்லாம், டாக்டர் ஒண்ணும் சொல்லலையே, அப்போ இது வலி இல்லைன்னு நினைச்சுக்கிட்டாராம்."

ஏகாம்பரம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாலையாயிற்று. ஜீப் மலையிறங்கி மருத்துவமனை வாசலில் நின்ற சத்தமும் கேட்டது. ஸ்ட்ரெச்சர் உருண்டு போன சத்தமும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் எட்டிப் பார்த்து, "பிழைச்சுக்குவார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏகாம்பரம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நல்லவேளை மேடம். இது ஒண்ணுதான். மத்த எட்டு இடத்துல இருந்தும் இன்னிக்கு எதுவும் வரலை, அமைதியா இருக்கு."

மெஹருன்னிசா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அமைதின்னு யார் சொன்னது?"