பாழுங்கிணற்றுச் சத்தம்

இந்தக் கதையைப் பவுனம்மாள் எனக்குச் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. அத்தனை வருடங்களும் இதில் ஏதோ ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் அவர்கள் தெருவில் தண்ணீர் கெட்டது உண்மை. அதனால் அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். கவனமாகக் கேளுங்கள்.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு. அங்கே இருந்த ஏகாம்பரத்துக்குப் போகி என்றாலே பயம். விடிவதற்குள் தெருவே பழைய பாயோடு மிக்ஸி மூடி, ஒயர், டேபிள் ஃபேன் இறக்கை என்று எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்தும். அந்தப் புகையில் அவர் மனைவி கமலவேணிக்கு மூச்சிழுக்கும். ஒரு வருடம் அவள் பிழைத்ததே மறுபிறவி. அடுத்த போகி வருவதற்குள் ஏகாம்பரம் வீடு வீடாகப் போய்க் கைகூப்பினார்.

"கொளுத்தக் கூடாதுன்னா இதையெல்லாம் எங்கதான் போடறது?" என்றார் தேவசகாயம். அவர் ரிப்பேர் கடைக்காரர். எதைக் கொண்டுபோனாலும் "பார்ட்ஸ் வராது, புதுசு வாங்கிக்கங்க" என்று சொல்லி, பழசைக் கடை மூலையில் குவித்து வைத்திருப்பவர்.

"எங்க கொல்லைப் பாழுங்கிணத்துல போடுங்கண்ணா" என்றார் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள். "வத்திப்போன கிணறு, தூந்து போனாலும் நல்லதுதான். கமலாக்கா ஒரு வருஷமாவது நிம்மதியா மூச்சு விடட்டும்."

போகியன்று காலையில் பவுனம்மாளின் கொல்லையில் தெருவே கூடியது. பிள்ளைகள் மேளத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் தள்ளுவண்டி நிறையப் பழைய எமர்ஜென்சி விளக்குகளோடு வந்தார். செம்புக் கம்பியையெல்லாம் உருவிக்கொண்டு பேட்டரியை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

"உள்ள பேட்டரி இருக்கேப்பா" என்றார் ஏகாம்பரம்.

"செத்த பேட்டரிண்ணா. எழுந்து வந்து என்ன பண்ணப்போவுது? மனசு கேக்கலேன்னா ரெண்டு ஊதுபத்தி ஏத்திடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். முதலில் போடும் மரியாதையை ஏகாம்பரத்துக்கே கொடுத்தார்கள். மற்றவர்கள் முள்வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க, அவர் மட்டும் விளிம்புவரை போய்த் தன் வீட்டு மிக்ஸியை உள்ளே விட்டார். காய்ந்த மண்ணில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. அடியில் ஊற்று இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டு ஜன்னலில் கமலவேணி நின்றுகொண்டிருந்தாள். போகி நாளில் ஜன்னலைத் திறந்துவைத்து அவள் நின்று அவர் பார்த்ததே இல்லை.

"போடுங்கப்பா" என்றார்.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சாகும்வரை அவர் யாரிடமும், மனைவியிடமும்கூட, வாய் திறக்கவில்லை.

தெருக்கோடியில் பொதுக்கிணறு ஒன்று இருந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு பஞ்சாக வேகும். சில போகிகள் போயின. பிள்ளைகள் வயிற்றுவலியில் சுருண்டார்கள், படித்த பாடம் மறந்தார்கள். தண்ணீரைச் சோதித்தவர்கள், ஈயம் கலந்திருக்கிறது, பாழுங்கிணற்றில் கிடக்கும் பேட்டரிகளிலிருந்துதான் ஊற்று வழியாக வந்திருக்கிறது என்று சொல்லி, பொதுக்கிணற்றின்மேல் கம்பிவலை போட்டுப் பூட்டினார்கள். அதன்பிறகு லாரித் தண்ணீர்தான்.

"என்ன தண்ணிங்க இது, பருப்பு கல்லாட்டம் கெடக்குது" என்பாள் கமலவேணி. அவளுக்கு மூச்சு சீராகத்தான் இருந்தது. ஏகாம்பரம் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

கொளுத்தாதே என்றவர் ஏகாம்பரம். கிணற்றைக் கொடுத்தவர் பவுனம்மாள். பேட்டரியைக் கொண்டுவந்தவர் தேவசகாயம். இந்த மூவரில் தெருவின் தண்ணீரைக் கெடுத்தவர் யார்?

பவுனம்மாள் விடையும் சொல்லியிருந்தார்: "ஏகாம்பரம் அண்ணன்தான். கிணத்துல தண்ணி இருக்குதுன்னு தேவசகாயத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மேளச் சத்தத்துல வேலிக்கு இந்தாண்ட நின்ன எங்க யாருக்கும் ஒண்ணும் கேக்கலை. அவரு ஒருத்தர் காதுலதான் அது விழுந்துது. தெரிஞ்சே பண்ணவரு அவருதான்." சரியான விடை என்று நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் பவுனம்மாளைப் பார்க்கப் போனேன். லாரி வருமென்று வாசலில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருடங்களாகக் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"அவர் யாரிடமும் சொல்லாத சத்தம் உங்களுக்கு எப்படிம்மா தெரிந்தது?"