ஆவுடையப்பரின் பரம்பரை நாக்கு

அரிசி ஆலை ஆவுடையப்பருக்குத் தன் நாக்கின் மேல் அத்தனை கர்வம். சர்க்கரை ஏறியதும் டாக்டர் உருளைக்கிழங்கு வறுவலை நிறுத்தச் சொல்லிவிட்டார். உடனே ஆவுடையப்பர், வீட்டில் சமைக்கும் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"கிழங்கு இருக்கக்கூடாது, ஆனா வறுவல் இருக்கணும். அது கிழங்கில்லேன்னு என் நாக்கு கண்டுபிடிச்சுதுன்னா நாளையிலேருந்து நீ வரவேண்டாம். இது பரம்பரை நாக்கு, கேட்டியா?"

"சரி மொதலாளி."

மத்தியானம் டாக்டரும் சாப்பிட வந்திருந்தார். இசக்கியம்மாள் இலையில் இரண்டு வறுவல் வைத்தாள். ஒன்று வெறும் உப்பில் வதக்கிய வெள்ளை. மற்றது பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டு, இரும்புச் சட்டியில் காந்தவிட்டுச் சுரண்டி எடுத்தது.

"ஒண்ணு கிழங்கு, ஒண்ணு நூல்கோல். எது எதுன்னு நாக்கு சொல்லட்டும்."

ஆவுடையப்பர் வெள்ளையில் ஒரு துண்டைக் கடித்து ஒதுக்கினார். "த்தூ, நூல்கோல்." காந்தலை வழித்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "இதுதான் கிழங்கு, டாக்டரே."

டாக்டர் இரண்டையும் தின்றுபார்த்துவிட்டு, சிரிப்பை மோரோடு விழுங்கினார்.

"மாத்திச் சொல்லிட்டீய மொதலாளி," என்றாள் இசக்கியம்மாள். "நாளையிலேருந்து யாரு வரவேண்டாம்? நானா, உங்க நாக்கா?"

ஆவுடையப்பர் இலையில் நூல்கோல் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டி, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார்.