சுவிட்சின் மேல் விரல்

“யாரும் தப்பு பண்ணல. அதுதான் பயமா இருக்கு,” என்றார் தில்லைநாயகம்.

மரகதவல்லி நாற்காலியைக் காட்டினார். தில்லைநாயகம் உட்காரவில்லை.

ஏற்காட்டில் காப்பித் தோட்டச் சரிவில் இருந்தது அந்த வீடு. மரகதவல்லி ஒரு காலத்தில் தில்லைநாயகத்தின் கீழ் வேலை பார்த்தவர். வயதில் ரொம்ப இளையவர். பிறகு பெரிய நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளை நடத்தினார். ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். குழம்பிப் போனவர்கள் மலையேறி வந்து அவரிடம் கேட்பார்கள். சிலருக்குப் பதில் கிடைக்கும். சிலருக்குக் காப்பி மட்டும் கிடைக்கும்.

அப்போதெல்லாம் “வாம்மா” என்று கூப்பிட்டவர் தில்லைநாயகம். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசினார்.

கீழே ஊரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. அதன் தொழில்நுட்பத் தலைவர் தில்லைநாயகம். குறைமாதக் குழந்தைகளை வெளியூருக்கு அனுப்பி வழியிலேயே பறிகொடுத்தது போதும், இனி இங்கேயே பிழைக்க வைக்க வேண்டும் என்று அறக்கட்டளை முடிவு செய்திருந்தது. அதற்காகவே ஒரு புது வார்டு திறந்தார்கள். குழந்தையின் மூச்சு தடுமாறினால் நர்சுகளின் கைப்பேசியில் மணி அடிக்கும்.

போன வாரம் அடிக்கவில்லை.

தில்லைநாயகத்தின் ஆட்கள் அன்று காலை வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். பாதுகாப்புக்காக அவ்வப்போது செய்கிற வேலைதான். கைப்பேசிகள் சத்தமில்லாமல் துண்டிக்கப்பட்டுவிட்டன. வேறு எதையோ எடுக்க உள்ளே போன ஒரு நர்ஸ், நீலம் பாரித்துக் கிடந்த குழந்தையைப் பார்த்தார்.

குழந்தை பிழைத்துவிட்டது.

விசாரித்தார்கள். பாஸ்வேர்டை மாற்றியவருக்கு அந்தக் கைப்பேசிகளில் என்ன மணி அடிக்கிறது என்று தெரியாது. வார்டில் இருந்தவர்களுக்கு பாஸ்வேர்டு மாறும் என்று தெரியாது. எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்.

“தப்பு பண்ணவன் ஒருத்தன் இருந்தா அவனை மாத்திடலாம்,” என்றார் தில்லைநாயகம். “இப்ப எதை மாத்தறது? அடுத்தது எங்கேருந்து வரும்னே தெரியல.”

சாப்பிடும்போதும் காது வெளியிலேயே இருக்கிறது என்றார். யாராவது வேகமாக நடந்து வந்தால் எழுந்து நின்றுவிடுகிறாராம்.

“அறக்கட்டளை என்ன நினைக்குதுன்னு உங்க ஆளுங்களுக்குத் தெரியுமா சார்?”

“அதுக்குத்தான் இது.”

பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து விரித்தார். ஆலோசகர்கள் வரைந்து கொடுத்த ஆப்பரேட்டிங் மாடல், யார் எதைச் செய்வது என்று காட்டும் வரைபடம். மேலே அறக்கட்டளையின் நோக்கம். கீழே அன்றாட வேலைகள். நடுவில் கலர் கலராகக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் அம்புகள்.

மரகதவல்லி ஓர் அம்பைத் தொட்டார்.

“இது யாரு?”

தில்லைநாயகத்துக்குப் புரியவில்லை.

“இந்தக் கட்டத்துல முடிவு எடுக்கறாங்க. இந்தக் கட்டத்துல வேலை நடக்குது. இங்கேருந்து அங்கே போய்ச் சொல்றது யாரு?”

“நான்தான்.”

“இது?”

“அதுவும் நான்தான்.”

“கீழேருந்து மேல போறது?”

“நான்.”

“நீங்க தூங்கினா?”

“நான் தூங்கறதில்ல.”

மரகதவல்லி தாளைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க, போகலாம்.”

மலையிறங்கும்போது காரில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மருத்துவமனைக்குள் நுழைந்தது முதல், அவர் சொல்லும்வரை தில்லைநாயகம் பேசக் கூடாது. தலையையும் ஆட்டக் கூடாது.

“ஏதாவது ஆபத்துன்னா?”

“அப்பவும்.”

கொண்டை ஊசி வளைவுகளில் கார் திரும்பித் திரும்பி இறங்கியது.

மதிய நேரம். மரகதவல்லி கேட்டுக்கொண்டபடி மூன்று பேர் வந்திருந்தார்கள். புது வார்டின் டாக்டர் ரெஹானா. அறக்கட்டளையின் செயலாளர் பழனியப்பன். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெரால்டு.

மரகதவல்லி அவர்களைக் கூட்ட அறைக்கு அழைத்துப் போகவில்லை. சர்வர் அறைக்கு அழைத்துப் போனார்.

உள்ளே குளிர்ந்து கிடந்தது. மின்விசிறிகளின் இரைச்சலில் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. டாக்டரும் செயலாளரும் அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

“நாளைக்கு என்ன வேலை?” என்று மரகதவல்லி ஜெரால்டிடம் கேட்டார்.

ஒரு பழைய சர்வரை நிரந்தரமாக அணைக்கப் போவதாக ஜெரால்டு சொன்னார். அதிலிருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றியாகிவிட்டது. தில்லைநாயகம் சாரும் அனுமதி கொடுத்துவிட்டார்.

“எது அது?”

காட்டினார். கீழ்த் தட்டில் தூசி படிந்த ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

மரகதவல்லி குனிந்து அதன் சுவிட்சின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார்.

“நாளைக்கு எதுக்கு? இப்பவே அணைச்சிடறேன்.”

ஜெரால்டு தில்லைநாயகத்தைப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார். செயலாளரும் பார்த்தார்.

தில்லைநாயகம் அசையாமல் நின்றார்.

“அவரைப் பார்க்காதீங்க,” என்றார் மரகதவல்லி. “அவர் இங்க இல்லைன்னு வச்சுக்கங்க. அணைக்கட்டுமா?”



அந்தப் பெட்டிக்கு அனுமதி கொடுத்த நாளை நினைத்துப் பார்க்க முயன்றார் தில்லைநாயகம். நினைவுக்கு வரவில்லை. ஜெரால்டு கேட்டிருப்பார், இவர் சரி என்றிருப்பார். அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று இவருக்கும் தெரியாது.

“நாளைக்கு அணைக்கலாம்னா இப்ப ஏன் கூடாது?” மரகதவல்லியின் விரல் சுவிட்சில் லேசாக அழுந்தியது.

“ஒரு நிமிஷம்,” என்றார் டாக்டர் ரெஹானா.

அவர் மரகதவல்லியைப் பார்க்கவில்லை. ஜெரால்டின் பக்கம் திரும்பினார்.

“இதுல என்ன ஓடுது தம்பி?”

“ரத்த வங்கி, டாக்டர். வார்டுலேருந்து ரத்தம் கேட்டு அனுப்புவீங்கள்ல, அது. இப்ப புது சர்வர் வழியாப் போகுது.”

“எந்த வார்டோடது?”

“எல்லா வார்டும்.”

“பிரசவ வார்டு?”

ஜெரால்டு பதில் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. மடிக்கணினியைத் திறந்து தட்டினார். மறுபடி தட்டினார்.



“பிரசவ வார்டு இன்னும் இதுலதான் இருக்கு,” என்றார். “தனிக் கட்டிடங்கிறதால விட்டுப் போயிருக்கு.”

டாக்டர் ரெஹானா சுவரில் சாய்ந்துகொண்டார். குறைமாதப் பிரசவத்தில் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்காமல் போனால் என்ன நடக்கும் என்று மெதுவாகச் சொன்னார். ரத்தம் கேட்டு அனுப்பிவிட்டு எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்டது போய்ச் சேரவேயில்லை என்பது அங்கே இருக்கிற யாருக்கும் தெரியாது.

“இதை ஏன் இவ்வளவு அவசரமா எடுக்கணும்?” என்று அவர் கேட்டார்.

ஜெரால்டுக்குத் தெரியவில்லை. மேலே இருந்து வந்த தேதி என்றார்.

மேலே என்றால் யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நான்தான்,” என்றார் பழனியப்பன். அவர் முகம் வெளுத்திருந்தது. உங்கள் வார்டுக்கு வரும் புதுக் கருவிகளின் சர்வருக்கு இந்த இடம் வேண்டியிருந்தது, அதனால் சீக்கிரம் காலி பண்ணச் சொன்னேன் என்று டாக்டரிடம் சொன்னார். உங்களுக்காகத்தான் சொன்னேன் என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

“அந்தக் கருவிங்க கொஞ்சம் லேட்டா வந்தாலும் பரவாயில்லையே,” என்றார் டாக்டர்.

“அது எனக்கு யாரும் சொல்லலையே.”

“நீங்க கேட்கலையே.”

மரகதவல்லி இன்னும் குனிந்தே இருந்தார். விரல் இருந்த இடத்திலேயே இருந்தது.

“எனக்கு முதுகு வலிக்குது,” என்றார். “அழுத்தட்டுமா, வேண்டாமா?”

இந்தத் தடவை யாரும் தில்லைநாயகத்தைப் பார்க்கவில்லை. மூவரும் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். கொஞ்சம் கோபமாகவும்கூட. சர்வர் வேலை எதுவும் வார்டைப் பாதிக்குமா என்று பார்த்துச் சொல்வது டாக்டரின் பொறுப்பு. எது முந்தி, எது பிந்தி என்பதைச் செயலாளர் சொல்ல வேண்டும், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிறுத்து என்று சொல்ல யாருக்கு உரிமை என்பதில்தான் இழுத்தது. கடைசியில், இயந்திரத்தில் கைவைக்கிறவருக்கே அந்த உரிமை இருக்கட்டும் என்றார் பழனியப்பன். தினமும் காலையில் மூவரும் சேர்ந்து நின்று அன்றைய வேலைகளைப் பேசிவிட வேண்டும் என்று முடிவானது.

ஜெரால்டு குனிந்தார். மரகதவல்லியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“விடுங்க மேடம்.”

“யார் சொல்றா?”

“நான் சொல்றேன்.”

மரகதவல்லி கையை எடுத்துக்கொண்டார். பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

மருத்துவமனை வாசல் படிகளில் நல்ல வெயில். மரகதவல்லியை மலைக்குக் கொண்டுபோய் விடக் கார் தயாராக நின்றது. இனிமேல் பேசலாம் என்று தில்லைநாயகத்திடம் சொன்னார்.



“யாருமே ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா நீங்க அழுத்தியிருப்பீங்களா?”

“நாளைக்கு நீங்க அழுத்தியிருப்பீங்க சார்.”

தில்லைநாயகம் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளே போயிற்று. அது உள்ளே திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே நான் என்ன செய்யணும்?”

“நாளைக்குக் காலையில அவங்க மூணு பேரும் பேசுவாங்க இல்லையா?”

“ஆமாம்.”

“நீங்க அங்க போகாதீங்க.”

கார் கிளம்பியது.

தில்லைநாயகத்துக்குப் பயமாக இருந்தது. இதுவரை பட்ட பயங்களையெல்லாம்விடப் பெரிய பயம். வெயிலில் உட்கார்ந்தபடி அதை உற்றுப் பார்த்தார்.

அதில் குழந்தை எதுவும் இல்லை. யாருக்கும் தேவைப்படாத அவர் மட்டும்தான் இருந்தார்.